அடியார் பெயர் தாங்கிய கழகம்

ஸ்பெயின் தேசத்தின் மேற்குப் புறத்தில், போர்ச்சுகல் எல்லைக்குச் சற்று இப்பால், தோர்மெஸ் நதிக்கரையில் பொன்னிறக் கல்லால் எழுப்பிய கோபுரங்களோடும் புராதனமான சர்வகலாசாலையோடும் விளங்கும் சலமாங்கா நகரத்தில், 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் தேதி, தொண்ணூறு வயது நிரம்பிய ஒன்று மரணமடைந்தது. அதன் நாடியைப் பிடித்துப் பார்த்துச் சொல்ல வைத்தியர் எவரும் வரவில்லை. கடன் கொடுத்தவர்களோடு சமரசம் ஏற்படாமற் போகவே, அது கலைக்கப்பட வேண்டியதுதான் என்று முடிவாயிற்று, அவ்வளவே. உனியோன் டெப்போர்ட்டிவா சலமாங்கா என்பது அதன் பெயர். சலமாங்கா விளையாட்டு ஐக்கியம் என்று நம் மொழியில் சொல்லலாம். பதினொருவர் களத்தில் இறங்கிப் பந்தை உதைக்க, ஆயிரக்கணக்கானோர் சுற்றியிருந்து அதைப் பார்ப்பதற்கென்று ஏற்பட்ட ஒரு கால்பந்துக் கழகம். அதற்கு மேல் அதில் என்ன இருந்தது என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் இல்லையென்றால், அந்த ஜூன் மாதத்தில் அந்நகரத்து மனிதர்கள் எதற்காகத் துக்கம் கொண்டாடினார்கள்? இறந்தது எது? இறந்ததற்கு ஆத்மா என்று ஒன்று இருந்ததா? இருந்தது என்றால், சரீரம் விழுந்த பிறகு அது எங்கே போயிற்று? இந்தக் கேள்விகள் என்னை வெகு நாளாக விடாமல் பற்றிக்கொண்டிருப்பதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

1923ஆம் ஆண்டு பிறந்த இக்கழகம் நெடுங்காலம் எல் கல்வாரியோ என்னும் மைதானத்தில் ஆடிவந்தது. கல்வாரி என்பது ஏசுநாதர் சிலுவையில் அறையுண்ட குன்றின் பெயர். 1970ஆம் ஆண்டில் நகரத்துக்கு வடக்கே, வில்யாரெஸ் தெ லா ரெய்னா என்ற சிற்றூரின் எல்லைக்குள் புதிய மைதானம் எழுந்தபோது அதற்கு எல்மாந்திகோ என்று பெயரிட்டார்கள்; கிறிஸ்து பிறப்பதற்கு 220 ஆண்டுகளுக்கு முன்னால் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் முற்றுகையிட்டுப் பிடித்தபோது இந்நகரம் தாங்கியிருந்த ஆதிப் பெயரின் எதிரொலி அது. கல்வாரியிலிருந்து எல்மாந்திகோவுக்குப் போனபோது கழகம் மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வீடு மாறினால் ஆள் மாறுவதில்லை என்பது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவ்வாறே ஆட்டக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். 1923இல் முதன்முதலாக அந்த வெள்ளைச் சட்டையையும் கறுப்பு அரைக்காற்சட்டையையும் அணிந்தவர்களுள் ஒருவர்கூட இல்லாத காலத்திலும் அது அதே கழகமாகவே இருந்தது.

புது மைதானத்துக்குக் குடிபோன நான்காண்டுகளில், 1974இல், ஹோசே லூயிஸ் கார்சியா த்ராய்த் என்னும் பயிற்சியாளரின் கீழ் அது தேசத்தின் முதற்பிரிவை எட்டிப் பிடித்தது. மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஆடுகின்ற அந்த உயரத்தில் அது மொத்தம் பன்னிரண்டு பருவங்கள் நின்றது; பிற்காலத்தில் போர்ச்சுகலின் பெரும்புகழ் கோல்காரராகத் திகழ்ந்த பவுலேத்தா அந்தச் சட்டையை அணிந்திருக்கிறார்; 1999இல் முதற்பிரிவிலிருந்து இறங்கியது, பிறகு அங்கே ஏறவே இல்லை. முதற்பிரிவின் ஆரம்ப நாட்களில் அதன் கோலைக் காத்து நின்றவர் ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்த ஹோர்ஹே தலெசாந்துரோ. ஓர் ஆட்டத்தில் எதிரணி வீரரோடு மோதியதால் ஒரு சிறுநீரகத்தையே இழந்த அவர், தேறி எழுந்து மீண்டும் அதே கோலின் முன்னால் வந்து நின்றார். பின்னொரு காலத்தில் அதே கழகத்துக்குப் பயிற்சியாளராகவும் அமர்ந்தார். சரீரத்தில் ஓர் அங்கத்தைக் கொடுத்துவிட்டு ஒரு கழகத்தில் அங்கமாக இருப்பவனைப் பற்றி நினைக்கும்போது, சங்கத்தில் சேர்ந்தவர்களை அங்கத்தினர் என்று அழைக்கும் நம் வழக்கம் எத்தனை ஆழமானது என்று தோன்றுகிறது.

1995ஆம் ஆண்டின் கதையையும் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது. முதற்பிரிவுக்கு ஏறுவதற்கான இரண்டு ஆட்டங்களுள் முதலாவதில், தன் சொந்த எல்மாந்திகோவிலேயே, அல்பசேத்தே அணியிடம் இரண்டு கோல் வாங்கி ஒன்றும் திருப்பிக் கொடுக்காமல் சலமாங்கா தோற்றது. இனி என்ன இருக்கிறது என்று எவரும் கைவிட்டிருக்கக்கூடிய நிலையில், முப்பது வயதுகூட நிரம்பாத ஹுவான் மனுவேல் லில்யோ என்னும் இளைஞரைப் பயிற்சியாளராகக் கொண்ட அந்த அணி அல்பசேத்தேவின் மைதானத்துக்குப் போய், குறித்த நேரத்தில் பாக்கியைச் சமன்செய்து, கூடுதல் நேரத்தில் மேலும் அடித்து, ஐந்து கோலுக்கு ஒன்றுமில்லாமல் ஜெயித்தது. அதே கோடைகாலத்தில் செவில்யா, செல்தா என்னும் இரண்டு பெரிய கழகங்கள், நிர்வாகத்தார் உரிய பத்திரங்களையும் ஜாமீனையும் சமர்ப்பிக்கத் தவறிய காரணத்தால் கீழே தள்ளப்பட்டன. அவ்வூர்களின் ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். ஆரவாரத்துக்கு இணங்கி லீக் அதிகாரிகள் அவற்றைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டு, முதற்பிரிவையே இருபத்திரண்டு அணிகளாக விரித்தார்கள். ஆகவே, காகிதத்தில் விதித்த மரணத்தை ஜனங்களின் குரல் ரத்துசெய்யக்கூடும் என்பதை ஸ்பெயின் ஒருமுறை கண்ணாரக் கண்டிருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு சலமாங்காவின் முறை வந்தபோது அந்தக் குரலுக்குச் செவிசாய்க்க எவரும் இல்லை. சிற்றூர்களின் துக்கம் தலைநகரத்தில் கேட்பதில்லை.

கழகத்துக்கு மரணம் சம்பவிக்கக்கூடிய ஒரு சரீரம் எப்போது வந்தது? 1990ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசாங்கம் ஒரு விளையாட்டுச் சட்டம் செய்தது. தொழில்முறைக் கழகங்கள் கடனில் மூழ்கிக் கிடந்தமையால், அவை பங்குக் கம்பெனிகளாக மாறவேண்டும் என்றும், கணக்கில் நஷ்டமில்லாதவை மட்டும் அங்கத்தினர்களின் பழைய சங்கமாகவே தொடரலாம் என்றும் அது விதித்தது. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, பில்பாவோவின் அத்லெதிக், ஒசசூனா ஆகிய நான்குமே அந்த விலக்கைப் பெற்றவை. சலமாங்கா கம்பெனியாயிற்று. அதுவரை ஊர்க்காரர்கள் மாதச் சந்தாவும் அபிமானமும் செலுத்திச் சேர்ந்திருந்த ஒரு கூட்டுறவுக்கு, அதன்பின் பங்குகளும் முதலாளிகளும் கடன்பத்திரங்களும் கூடிய ஒரு தேகம் கிடைத்தது. தேகம் கிடைத்த எதற்கும் நோயும் மூப்பும் உண்டு. கடன் என்னும் க்ஷயரோகம் அதைப் பற்றியது. இரண்டாம் பிரிவிலிருந்தும் இறங்கி, மூன்றாவது படியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே முடிவு வந்தது.

இந்த இடத்தில் பழைய கிறிஸ்தவ சபைச் சட்டத்தின் ஒரு செய்தியை நினைவுகூர வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாலாம் இன்னசென்ட் என்னும் போப்பாண்டவர், தாமே பெரிய சட்ட பண்டிதராக இருந்தவர், ஒரு சங்கத்தையோ சபையையோ சமுதாயத்தையோ முழுமையாகச் சேர்த்து மதப்பிரஷ்டம் செய்யலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 1245ஆம் ஆண்டு லியோன் நகரத்தில் கூடிய மகாசபையில், அவ்வாறு செய்யலாகாது என்று விதித்தார். சங்கம் என்பது சட்டம் கற்பித்துக்கொண்ட ஓர் ஆளே தவிர, அதற்கென்று ரக்ஷிக்கவோ தண்டிக்கவோ ஓர் ஆத்மா கிடையாது. தண்டித்தால் அதிலுள்ள நிரபராதிகளே தண்டனை அடைவார்கள் என்பது அவருடைய தர்க்கம். சர்வகலாசாலை என்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லும், இப்படிப்பட்ட சங்கம் எதையும் குறிக்கும் லத்தீன் சொல்லும் அக்காலத்தில் ஒன்றே. 1218ஆம் ஆண்டில் லெயோன் அரசன் ஒன்பதாம் அல்ஃபோன்சோ நிறுவிய சலமாங்கா சர்வகலாசாலையும் அந்தச் சொல்லால் அழைக்கப்பெற்ற ஆத்மா இல்லாத ஆள்களுள் ஒன்று. அது எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி இன்னும் உயிரோடிருக்கிறது. நம் நாட்டிலோ, கோயிலில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தியையே சொத்துக்கு உரியதொரு நபராக நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. சட்டம் என்பது ஆளை உண்டாக்க வல்லது. உண்டாக்கியதை அழிக்கவும் வல்லது. ஆனால் அது உண்டாக்கிய ஆளைத்தான் ஜனங்கள் நேசித்தார்களா என்பதே நம் சந்தேகம். கம்பெனியை நேசித்து எவனும் மழையில் நனைந்துகொண்டு நின்றதாக நான் அறியேன்.

மரணத்துக்குப் பின் நடந்தது வினோதமானது. அந்த வருஷம் ஆகஸ்டு மாதம் முடிவதற்குள், பழைய கழகத்தின் அபிமானிகள் பலர் ஒன்றுகூடி உனியோனிஸ்தாஸ் தெ சலமாங்கா என்ற புதிய கழகத்தைத் தோற்றுவித்தார்கள். ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு. பங்குகள் இல்லை, முதலாளி இல்லை. மாகாணத்தின் ஆகக் கீழான பிரிவில், 2014ஆம் ஆண்டு அது ஆடத் தொடங்கியது. மற்றொரு புறத்தில், பழைய கழகத்தின் கிளை அணியாக இருந்த சல்மந்தீனோவின் வழிவந்த வேறொரு கழகம், மெக்ஸிகோ தேசத்து முதலாளி ஒருவரின் பணபலத்தோடு எழுந்து, எல்மாந்திகோ மைதானத்திலேயே ஆடி, பழைய பெயரின் மூன்று முதலெழுத்துக்களைத் தன் பெயரிலும் தாங்கிக்கொண்டது. 2018ஆம் ஆண்டில் இரண்டும் ஒரே சமயத்தில் மேலே ஏறி, அடுத்த பருவத்தில் ஒரே பிரிவில் எதிரெதிராக நின்றன. இறந்துபோன ஒருவருக்கு இரண்டு வாரிசுகள். ஒருவருக்கு வீடு கிடைத்தது, மற்றவருக்கு உறவினர்களில் பெரும்பகுதி கிடைத்தது என்று சொன்னால் விஷயம் ஏறக்குறைய விளங்கும்.

இதில் எது பழைய கழகம்? மறுபிறவியை நம்புகிறவர்களுக்குக்கூட இது சங்கடமான கேள்வி. ஓர் ஆத்மா ஒரு சரீரத்தை விட்டு இன்னொன்றில் புகும் என்பதை ஏற்கலாம்; ஒரே ஆத்மா ஒரே காலத்தில் இரண்டு சரீரங்களில் புகுந்து, அவை இரண்டும் எதிரெதிராக நின்று பந்தை உதைக்கும் என்பதை எந்தச் சித்தாந்தமும் ஒப்பாது. ஆத்மவாதம் இங்கே தடுமாறும்போது பௌத்தர்களின் அநாத்மவாதம் வெகு எளிதாகக் கடந்துவிடுகிறது. மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனுக்கு நாகசேனர் தேரை உதாரணமாகக் காட்டிய விருத்தாந்தம் பிரசித்தமானது: அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று, இவற்றின் சேர்க்கைக்குத் தேர் என்பது வெறும் வழக்குப் பெயரே. பிறவி தொடர்வதற்கு அவர் சொன்ன உவமையோ விளக்கு. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் சுடர் அங்கிருந்து இங்கே குடிபெயர்வதில்லை. ஆனாலும் இது அதனால் உண்டானதே. அப்படியானால் ஒரு சுடரிலிருந்து இரண்டு விளக்கை ஏற்றுவதில் என்ன தடை? சலமாங்காவின் புதிர் தீர்ந்துபோயிற்று என்று புத்தகத்தை மூடிவிடலாம்.

ஆனால் என்னால் மூட முடியவில்லை. தேரின் அவயவங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டிய அந்த மகானுபாவர், அத்தேர் எரிந்துபோனதைக் கண்டு அழுத ஒருவனிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. அரசன் கேட்டது அறிவின் கேள்வி. அழுகிறவன் கேட்பது வேறு. இது அதுதானா என்பது வெளியில் நின்று பார்ப்பவனுக்கு ஒரு வகைப்படுத்தும் பிரச்சினை. உள்ளே நிற்பவனுக்கோ, நான் என் துக்கத்தை இறக்கி வைத்துவிடலாமா, வேண்டாமா என்பதே அதன் பொருள்.

துக்கத்தை இறக்கி வைக்க மறுத்த ஒருவர் அதே சலமாங்காவில் வாழ்ந்தார். மிகேல் தெ உனாமுனோ 1900ஆம் ஆண்டு அச்சர்வகலாசாலையின் தலைவரானவர். பதவி பறிக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டு, திரும்பி வந்து, மீண்டும் தலைவராகி, உள்நாட்டுப் போர் மூண்ட 1936ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, வீட்டுக்குள் சிறைப்பட்டவர்போல இருந்த நிலையில், அந்நகரத்திலேயே உயிர் நீத்தவர். வாழ்வின் துன்பமய உணர்வைப் பற்றி 1912ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் சாரம் முழுதும் ஒரே பிடிவாதம்தான்: நான் சாகக்கூடாது, இந்தச் சதையும் எலும்புமான நான், இந்தப் பெயருள்ள நான், இந்த நினைவுகளோடு கூடிய நானே என்றென்றும் இருக்கவேண்டும். புகழாக இருப்பாய் என்றால் அவருக்குப் போதாது. பிள்ளைகளில் இருப்பாய் என்றால் போதாது. பிரம்மத்தில் கலந்துவிடுவாய் என்றால் அதுவும் போதாது, ஏனெனில் கலந்தபின் நான் எங்கே? பகுத்தறிவு இந்த ஆசைக்கு இடங்கொடாது என்பதை அவர் மறைக்கவில்லை. இடங்கொடாத பகுத்தறிவோடு கடைசிவரை போராடுவதையே மதம் என்று கருதினார். நம்மவர்களுக்கு இது அகங்காரத்தின் அலறலாகத் தோன்றக்கூடும். எனக்கும் முதலில் அப்படியே தோன்றிற்று. ஆனால் உற்றார் ஒருவரைச் சிதையில் வைத்துவிட்டு வீடு திரும்பிய எவனும், ஆத்மா அழிவற்றது என்ற ஆறுதல் மொழியைக் கேட்டுத் தலையசைத்தபடியே, எனக்கு ஆத்மா வேண்டாம், அந்த மனிதர் வேண்டும் என்று மனத்துக்குள் ஒருமுறையாவது சொல்லியிருப்பான். அந்த ஒருமுறையைத்தான் உனாமுனோ ஒரு புத்தகமாக எழுதினார்.

உனாமுனோவின் கண்ணால் பார்த்தால், இறந்த கழகம் நினைவில் வாழ்கிறது என்பதும் ஏமாற்று, வாரிசில் வாழ்கிறது என்பதும் ஏமாற்று. இறந்தது இறந்ததுதான். உனியோனிஸ்தாஸ் கழகத்தாரைப் பற்றி நான் வியந்து நிற்கும் இடம் இதுவே. அவர்கள், நாங்கள்தான் அது என்று சொல்லவில்லை. தங்கள் கழகம் பழையதற்குச் செலுத்தும் ஓர் அஞ்சலி என்றார்கள். பழைய கழகம் முதற்பிரிவில் ஆடிய பன்னிரண்டு பருவங்களைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. தங்கள் பிறந்த வருஷம் 2013 என்றே போட்டுக்கொண்டார்கள். எழுதிக்கொண்டிருந்தால் யார் தடுத்திருக்கப் போகிறார்கள்? ஆடை அதே வெள்ளையும் கறுப்பும். ஊர் அதே ஊர். கூவுகிற தொண்டைகள் அதே தொண்டைகள். ஒரு சிறு பொய்க்கு எல்லா வசதியும் இருந்தது. அந்தப் பொய்யைச் சொல்லாமல் விட்டதில்தான் அவர்களுடைய பக்தியின் தூய்மையை நான் காண்கிறேன்.

அவர்கள் தேர்ந்துகொண்ட பெயரைப் பாருங்கள். உனியோன் என்பது கழகம். உனியோனிஸ்தாஸ் என்பது உனியோனைச் சேர்ந்தவர்கள், அதன் அபிமானிகள். தெய்வத்தின் பெயரைத் தாங்கள் சூட்டிக்கொள்ளாமல், அந்தத் தெய்வத்தைச் சேர்ந்தவர்கள் என்ற பெயரையே கழகத்துக்குச் சூட்டினார்கள். ஆண்டவனைப் பாடுவதோடு நில்லாமல் தொண்டர்களின் திருப்பெயர்களை வரிசையாக வைத்துத் திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரின் பரம்பரையில் வந்தவர்களுக்கு, இந்தப் பெயரின் விசேஷத்தைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூர்த்தி மறைந்துபோன கோயிலில் அடியார் கூட்டம் மிஞ்சியது. அக்கூட்டம் தன்னையே பீடத்தில் ஏற்றி வைத்துக்கொள்ளவில்லை. பீடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, அதைச் சுற்றிக் கூடியது.

என் பாட்டனார் பெயரை எனக்கு இட்டார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன், பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்ற பொருளில் பிறந்தது. நான் பிறப்பதற்கு முன்பே பாட்டனார் காலமாகிவிட்டார். கணவன் பெயரைச் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்த என் பாட்டி, என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஐயா என்பார், ராசா என்பார், ஒன்றும் தோன்றாவிட்டால் கையைத் தட்டிக் கூப்பிடுவார். சிறுவயதில் இதை விளையாட்டாக நினைத்தேன். வெகு காலம் கழித்தே இதன் நுட்பம் எனக்குப் புலப்பட்டது. நான் அவர் கணவரல்லன் என்பது பாட்டிக்குத் தெரியும். தெரியாமலிருந்தால் அது சித்தப்பிரமை. ஆனால் அந்தப் பெயர் என்னிடத்தில் இருந்தது. இருந்தமையால் அதை உச்சரிக்கக்கூடாது. இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொண்டு முப்பது வருஷம் வாழ்வதற்கு அவருக்கு எந்தத் தத்துவ சாஸ்திரமும் தேவைப்படவில்லை. சலமாங்காவின் அபிமானிகள் செய்திருப்பதும் ஏறத்தாழ இதுவே: இது அதுவன்று; ஆயினும் இது அதனால்.

எல்மாந்திகோவில் போய் அமர்ந்தவர்களை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்கக்கூடாது. அவர்கள் பக்கத்துக்கும் அந்த மண்ணின் மதமே சாட்சி சொல்லும். சரீரத்தைக் கழற்றி எறியும் சட்டையாக நாம் கருதுகிறோம். கிறிஸ்தவ நம்பிக்கையோ, மரித்தோர் தங்கள் உடலோடேயே உயிர்த்தெழுவார்கள் என்பது. ஆகவே அங்கே உடலுக்கு மதிப்பு அதிகம். ஆவிலாவின் தெரேசா அம்மையார் 1570இல் சலமாங்காவில் ஒரு மடம் நிறுவினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அருகிலுள்ள ஆல்பா தெ தோர்மெஸில் சித்தியடைந்தார். அவருடைய இருதயமும் ஒரு புஜமும் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன; தேகத்தின் வேறு பகுதிகள் வேறு ஊர்களுக்குப் போயின. ஒரு மகாஞானியின் ஆத்மா தேவனிடத்தில் இருக்கிறது என்று உறுதியாக நம்பிய ஜனங்களே, அவர் கையையும் விரலையும் விடமாட்டோம் என்று பற்றிக்கொண்டார்கள். அப்படியிருக்க, தன் தகப்பன் தோளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிய அதே புல்தரையை, அதே படிக்கட்டை, அதே வாயிலை ஒருவன் விடமாட்டேன் என்றால், அது பிசகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே உனாமுனோ தம் முதுமையில், 1931ஆம் ஆண்டில், புனித மனுவேலைப் பற்றி ஒரு சிறு நாவல் வெளியிட்டார். அதில் வரும் கிராமப் பாதிரியாருக்கு மறுமையில் நம்பிக்கை இல்லை. விசுவாசப் பிரமாணத்தை ஊரார் அனைவரும் கோயிலில் ஒரே குரலாக ஓதும்போது, உடல் உயிர்த்தெழுவதைப் பற்றிய இடம் வந்ததும் அவர் மட்டும் மௌனமாகிவிடுவார். ஊராரின் குரல் அந்த மௌனத்தை மூடி அவரைச் சுமந்து செல்லும். எல்மாந்திகோவில் பழைய பெயரைச் சொல்லிக் கூவுகிறவர்களுள் எத்தனை பேர் அப்படி ஒரு சொல்லில் மௌனமாகிறார்களோ, அதை அறிந்து தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் வெளியூரானாகிய எனக்கு இல்லை. ஆனால் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கவும் நான் விரும்பவில்லை.

உனியோனிஸ்தாஸ் பல ஆண்டுகள் ஆடிய இடம் எல்மாந்திகோவை ஒட்டியிருந்த ஓட்டப்பந்தயத் திடல். தாய்வீட்டின் சுவருக்கு வெளியே, அதன் நிழல் படும் தூரத்தில், உள்ளே போகாமல் ஆடினார்கள். உலகக் கோப்பையை ஸ்பெயினுக்கு வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரும் சலமாங்காவிலேயே பிறந்தவருமான விசெந்தே தெல் போஸ்கே அதன் அங்கத்தினர்களுள் ஒருவர். அவருக்கும் ஒரு வாக்குத்தான். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அரசர் கோப்பைக்காக ரியல் மாட்ரிட் அந்தத் திடலுக்கு வந்தது. கேரத் பேல் கோல் அடித்தார். ஆல்வரோ ரொமேரோ என்னும் மூன்றாம் படி ஆட்டக்காரர் தனியாகப் பந்தைக் கொண்டுபோய்த் திருப்பி அடித்துச் சமன் செய்தார். முடிவில் மூன்றுக்கு ஒன்று என்று மாட்ரிட் வென்றது. பின்னர் அவர்கள் ரெய்னா சோஃபியா என்ற சிறிய மைதானத்துக்கு மாறினார்கள்.

சலமாங்கா சர்வகலாசாலையின் முற்றத்தில் லூயிஸ் தெ லெயோன் என்னும் துறவியின் சிலை நிற்கிறது. எபிரேய மூலத்தை லத்தீன் வேதத்தினும் மேலாக மதித்தார், சாலமோனின் உன்னதப் பாட்டை ஜனங்களின் மொழியில் பெயர்த்தார் என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் 1572இல் மதவிசாரணை மன்றம் அவரைச் சிறைப்படுத்தியது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழித்து, 1576இன் இறுதியில் விடுதலையாகி வகுப்புக்குத் திரும்பியவர், நேற்று நிறுத்திய பாடத்தை இன்று தொடர்பவர்போலவே பேசத் தொடங்கினார் என்று ஓர் ஐதிகம் வழங்குகிறது. அது உண்மையாக நடந்ததோ இல்லையோ, அவ்வூர் அதை நான்கு நூற்றாண்டுகளாக நம்பி வந்திருக்கிறது. அவர் பாடம் சொன்னதாகக் காட்டப்படும் அறையில், கோடரி பட்ட தழும்போடு கிடக்கும் கரடுமுரடான மரப்பலகைகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன.

2024ஆம் ஆண்டு ஜனவரியில் அதே அரசர் கோப்பைக்காக முதற்பிரிவைச் சேர்ந்த வில்யாரியால் அணி ரெய்னா சோஃபியாவுக்கு வந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்து மின்விளக்குகள் அணைந்துபோயின. காத்திருந்து பார்த்தும் எரியவில்லை. ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஜனங்கள் இருட்டில் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் திரும்பி வந்தார்கள். விட்ட நிமிஷத்திலிருந்து ஆட்டம் தொடங்கியது; பெனால்ட்டி உதைகள் வரைக்கும் நீண்டது; வில்யாரியால் தோற்றுப் போயிற்று. அடுத்த சுற்றில் பார்சிலோனா வந்தது. முதல் கோலை அடித்தது உனியோனிஸ்தாஸ். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது பார்சிலோனா. அதற்குப் பிறகு வழக்கம்போல மூன்றாவது படியின் ஆட்டங்கள் இருந்தன. வெள்ளையும் கறுப்பும் அணிந்துகொண்டு, ஜனங்கள் அவற்றுக்கும் போனார்கள்.